ஜுரம் பார்க்கும் முள்

மே மாத மத்தியானத்தில் திருவான்மியூர் ஈ.சி.ஆர். முனையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் ஆசாமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'பழைய வண்டி, கொதிக்காம என்ன செய்யும்?' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வண்டி நிஜமாகவே கொதித்ததா, இல்லை டேஷ்போர்டில் இருக்கும் முள் பொய் சொன்னதா என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். 1984 மாடல் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறார். (பத்மினி என்றதும் 'தில்லானா மோகனாம்பாள்' ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது ராஜஸ்தான் ராணியின் பெயர். 1964-ல் ஃபியட் 1100 ஆக மும்பையில் தயாராகத் தொடங்கி, 1974-ல் பத்மினி ஆனது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது.) வாத்தியாருக்கு அது அந்தஸ்து விஷயமில்லை. வாரம் மூன்று நாள் மாமியை அடையாறுக்கு டயாலிஸிஸுக்கு அழைத்துப் போகிற வண்டி.

ஜனவரியில் முள் சிவப்புக்கு ஏற ஆரம்பித்தது. எல்.பி. ரோடு தாண்டுவதற்குள் உச்சி. ஒரு மெக்கானிக், "ஹெட்டைக் கழட்டணும் சார், முப்பத்தஞ்சு ஆகும்" என்றார். நியூஜெர்ஸியிலிருந்து பையன், "வித்துடுங்கப்பா, ஆப்ல கூப்பிட்டா வாசலுக்கே டாக்ஸி வருது" என்றான். மாமி மட்டும், "திரும்பி வரச்சே தலை சுத்தும். அவர் மெதுவா ஓட்டுவார். டாக்ஸிக்காரன்கிட்ட எத்தனை தரம் சொல்றது?" என்றார்.

வாத்தியார் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என்ஜின் சூடா, முள் பொய்யா? ரெண்டு தெரியாத ராசி சார். ஒரு சமன்பாட்டை வெச்சுண்டு எப்படித் தீர்க்கறது?"

இரண்டாவது சமன்பாடு, தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டர். கொரோனா சமயத்தில் வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது உதவாது. 43 டிகிரி வாக்கில் கைவிரித்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்கென்று விற்கும் ரகம் வேண்டும். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினோம். முள் சிவப்பில் நிற்கும்போது தெர்மோஸ்டாட் மூடி மேல் காட்டினால் 85 டிகிரி. என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

அடுத்தது சென்டர் என்கிற சின்னப் பித்தளை மரை. அதன் மூக்கு தண்ணீரில் இருக்கும், வாலில் ஒரே ஒரு ஒயர். உள்ளே தெர்மிஸ்டர்: சூடு ஏற ஏற மின்தடை குறையும், கரண்ட் அதிகம் பாயும், முள் ஏறும். இது தெரிந்தால் சோதனை சுலபம். சாவியைப் போட்டு ஒயரை உருவுங்கள். முள் குளிருக்கு விழ வேண்டும். அந்த ஒயரை என்ஜின் உலோகத்தில் ஒரு கணம் தொடுங்கள் (ஒரு கணம்தான்!); முள் சூட்டுக்கு எழ வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நிரபராதிகள். உருவின பிறகும் முள் மேலேயே நின்றால், ஒயர் எங்கோ தோலுரிந்து பாடியைத் தொடுகிறது.

வாத்தியார் வண்டியில் இரண்டும் நடந்தன. குற்றவாளி சென்டர். விசாரித்ததில், டிசம்பரில் புதுப்பேட்டையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. மரை கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. ஆனால் அது வேறு ஏதோ வண்டியின் மீட்டருக்காகப் பிறந்த சென்டர். 85 டிகிரியில் அது காட்டும் தடையை இந்த மீட்டர் 'சிவப்பு' என்று படித்துக்கொண்டது. மீட்டரையும் சென்டரையும் ஜோடியாக வாங்கச் சொல்வது இதனால்தான். மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிடுவார்கள். ஒற்றை ஒயர் சென்டருக்கு எர்த்தே அந்த மரை வழியாகத்தான். டேப் அதை மறித்தால் முள் குறைத்துக் காட்டும்.

பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் வேறு கதை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு (நம் வண்டலூர்ப் பக்கத்துத் தயாரிப்பு) போன்ற இங்கிலாந்து வம்சத்து வண்டிகள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக, 10 வோல்ட் கொடுக்கும் ஒரு ஸ்டெபிலைஸர் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

கரண்டே வேண்டாம் என்றால் மெக்கானிக்கல் மீட்டர். சுலபமாக ஆவியாகும் திரவம் நிரம்பிய ஒரு குமிழ், அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் நேரே மீட்டருக்கு. குழாய் நீளமென்று வெட்டினால் மீட்டர் செத்தது. மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள், மடக்காதீர்கள், சைலன்ஸர் பக்கம் போகாதீர்கள். தகட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். எல்லாமே வண்டி ஆறினபின். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பிரஷர் குக்கரை வெயிட்டோடு திறப்பது போல. மூடி பிடித்துவைத்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும்.

இத்தனையிலும் எனக்குப் பயம் தருவது சிவப்பு முள் அல்ல. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்டரின் மூக்கு காற்றில் நிற்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் சாதுவாகக் கீழே இறங்கும். பத்மினிக்கு அலுமினிய ஹெட், சூட்டில் வளைந்துவிடும். ஓடும்போது காரணமில்லாமல் முள் விழுந்தால் 'அப்பாடா' என்று இருக்காமல் ஓரம் கட்டுங்கள். (இன்றைய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது, ஒரு விளக்குதான்.)

ஜோடி மாற்ற ஒரு காலைப் பொழுது ஆனது. இப்போது அடையாறு சிக்னலில் முள் பாதிக்குச் சற்று முன்னால் நிற்கிறது. வாத்தியார் ஒரு நோட்டில் தினம் அதைக் குறிக்கிறார். மாமி அதைக் கிண்டல் செய்கிறார்.

ரேடியேட்டருக்கு எங்கள் பேட்டை போர் தண்ணீர் வேண்டாம். கடலோர உப்பு, உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று யாராவது கழற்ற வந்தால், சும்மா இருக்கச் சொல்லுங்கள்.