தாத்தாவும் பன்னிரண்டு துண்டுகளும்

பி.காம் படிக்கிறவனுக்கு மருத்துவக் கட்டுரை எதற்கு என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். காரணம் எங்கள் தாத்தா. கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டு சர்க்கரை ஆலைக்கு அனுப்புகிறவர். ராத்திரி நாலு தடவை எழுந்து கொல்லைக்குப் போவார். கேட்டால் "வயசானா அப்படித்தான்டா" என்பார். இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒருவழியாக ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பி.எஸ்.ஏ. 11. பொதுவாக 4 வரை பரவாயில்லை என்பார்கள். கூடினாலே புற்றுநோய் என்றும் இல்லை. கிருமித் தொற்று, வயதால் வரும் வீக்கம், எதுவானாலும் ஏறும். அதனால் பயாப்சி. ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, ஊசியால் புரோஸ்டேட் சுரப்பியில் 12 இடங்களில் சதை எடுத்தார்கள். ஒன்றிலும் புற்றுநோய் இல்லை. வீட்டில் கிடா வெட்டாத குறைதான்.

ஒரு வருடம் கழித்து பி.எஸ்.ஏ. 16!

ஆடிட்டிங் பாடத்தில் டெஸ்ட் செக்கிங் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆயிரம் வவுச்சரில் ஐம்பதைப் புரட்டிவிட்டு கணக்கு சரி என்று கையெழுத்துப் போடுவது. தாத்தாவுக்கு நடந்ததும் அதுதான். சுரப்பியின் முன்பக்கம் அந்த ஊசிக்கு எளிதில் எட்டாது. கட்டி அங்கே இருந்தால் 12 துண்டும் சுத்தமாக வரலாம். டாக்டரைக் குறை சொல்லவில்லை, முறையே அப்படி. இங்கிலாந்தில் 576 பேரை வைத்து நடந்த ப்ராமிஸ் ஆய்வு 2017-ல் வெளியானது. அதில் ஆபத்தான புற்றுநோய்களில் பழைய பயாப்சி பிடித்தது 48 சதவீதம்தான், எம்.ஆர்.ஐ. காட்டியது 93 சதவீதம். முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஊசியே தேவைப்படாதாம். (எம்.ஆர்.ஐ. சந்தேகப்படுவதெல்லாம் புற்றுநோயும் இல்லை. கடைசித் தீர்ப்பு ஊசிதான்.)

இரண்டாவது டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். முன்பக்கத்தில் ஒரு நிழல். அதைக் குறிவைத்து நாலு துண்டு எடுத்ததில் இரண்டில் புற்றுநோய். நல்லவேளை, சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை.

அடுத்து ஆபரேஷன். ரோபோ என்றதும் எனக்குச் சிட்டிதான் ஞாபகம் வந்தது. அது தானாக ஒன்றும் செய்யாது. டாக்டர் ஓரமாக உட்கார்ந்து கைப்பிடியை அசைக்க, வயிற்றில் போட்ட சின்னத் துளைகள் வழியாகக் கருவிகள் வேலை செய்யும். புரோஸ்டேட்டுக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் டாக்டர் மணி மேனன். நம்ம பக்கத்து புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர்! 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் ஆரம்பித்தார்.

காமர்ஸ்காரன் செலவைப் பார்க்காமல் விடுவேனா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 300-க்கும் மேற்பட்டவர்களை ஒப்பிட்டார்கள். ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் சிறுநீரை அடக்குவதில் இரண்டு வருடம் கழித்தும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் ரோபோவைவிட, கைராசியும் அனுபவமும் உள்ள டாக்டர்தான் முக்கியம் என்பது என் கட்சி. அப்பா ரோபோ கட்சி. வீட்டில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது.

தாத்தாவோ "வெட்டு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார். "கரும்பு எங்கயும் ஓடிப்போகாது, நீங்க முதல்ல கிளம்புங்க" என்று பாட்டி நேற்றே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.