முதலில் கத்தரி, பிறகு அருவி

குற்றாலத்துக்குச் சீசன் வந்துவிட்டால் தென்காசி டவுன் பஸ்ஸில் தலையைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். போகிறவர்கள் தலை காய்ந்திருக்கும், வருகிறவர்கள் தலை சொட்டிக்கொண்டிருக்கும். இதில் எந்தத் தலையில் கத்தரி வைப்பது சரி? இந்தக் கேள்வியோடு ஆனி மாதச் சாரலில் சலூன் சலூனாக ஏறி இறங்கினேன்.

கேள்வியைக் கிளப்பிவிட்டவள் என் அண்ணன் மகள். நல்ல சுருட்டை முடி. வெளியூரில் ஒரு பெரிய கடையில் தலையை அலசி, ஈரத்தோடு சீவி, தோளளவுக்கு வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடையை விட்டு இறங்கும்போது தோளில் கிடந்த முடி, வீட்டுக்கு வந்து காய்ந்ததும் காதுமடல் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது. "கேட்டது ஒண்ணு, கெடச்சது ஒண்ணு சித்தப்பா" என்று போனில் அழுதாள். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "வெட்டும்போது சரியாத்தானே இருந்துச்சு" என்றாராம். அதுவும் உண்மைதான். அங்கேதான் சிக்கல்.

தென்காசியில் காசிவிசுவநாதர் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தெருவொன்றில் ஒரு பழைய சலூன். இரண்டு நாற்காலிகள், எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிகள், 'செவ்வாய் விடுமுறை' என்று ஒரு பலகை. கடைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். அப்பாவிடம் தொழில் பழகியவர். நான் போனபோது கல்லூரிப் பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். துணியைப் போர்த்தினாரே தவிர, அவர் கத்தரியை எடுக்கவில்லை. முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். உச்சியில் சீப்பை வைத்து முடியின் வாக்குக்கு எதிராக ஒருமுறை இழுத்துவிட்டுக் கையை எடுத்தார். முடி எழும்பி, தன்போக்கில் மறுபடி சாய்ந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி, சுழி வலப்பக்கம் ஓடுது. இந்த இடத்துல ஒட்ட வெட்டினா நட்டமா நிக்கும். ரெட்டைச் சுழின்னா இன்னும் பாத்து வெட்டணும். ரெண்டு பொண்டாட்டி வருமோ வராதோ, ரெண்டு எடத்துல முடி தூக்கும்."

பையன் சிரித்தான். அலமாரித் தட்டில் ஸ்பிரே பாட்டில் நிறையத் தண்ணீரோடுதான் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"கடைசியில கழுத்துல கத்தி போட. முதல்லயே அடிச்சா சுழி படுத்துரும், எது எங்க நிக்கும்னு தெரியாது. தண்ணி பொய் சொல்லும் அண்ணாச்சி. ஈரத்துணிய அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரிதான் அது."

தண்ணீரே ஆகாது என்கிறவர் அல்ல அவர். சவரத்துக்கும் மொட்டைக்கும் தண்ணீர் இல்லாமல் கத்தி வைக்க மாட்டார். பண்பொழி திருமலைக்கோவிலுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போடுகிற குழந்தைக்குத் தலையை ஊற ஊற நனைத்தால்தான் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடும், குழந்தையும் அழாது. நனைந்த முடி இளகும், கத்திக்கு வேலை குறையும். ஆனால் மொட்டையில் மிச்சம் எதுவும் நிற்பதில்லை. அது எப்படிக் காயும் என்ற கவலையும் இல்லை. கிராப்பு வெட்டுக்கு மிச்சம் நிற்பதுதானே முக்கியம்.

அவர் கை அறிந்ததற்கு வேதியியலில் விளக்கம் இருக்கிறது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. கந்தகப் பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டதும் விட்டுப்போகும், காய்ந்ததும் மறுபடி கூடும். விட்டுப்போன நேரத்தில் சுருள் தளர்ந்து தன் கனத்தில் தொங்கும். ஈர முடி ரப்பராக இழுபடவும் செய்யும். சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டினால், விட்டதும் மேலே ஏறும். நேர் முடியில் இந்த ஏற்றம் கண்ணில் படாத அளவுதான். சுருட்டை முடியிலோ தோள் காதாகிவிடும். அண்ணன் மகளுக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. முடி காற்றிலுள்ள ஈரத்தைக்கூடக் குடிக்கும். காற்று ஈரமானால் கொஞ்சம் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஜெனீவாக்காரர் சொசூர் 1783இல் மனித முடியைக் கட்டியே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் வானிலை நிலையங்களில் முடிதான் வேலை பார்த்தது. அந்தக் கணக்குப்படி, சாரல் காலத்தில் குற்றாலத்தில் நிற்கும் எந்தத் தலையும் முழுக்கக் காய்ந்த தலை அல்ல.

மேலை நாட்டில் ஈரத்தலைக்கு மதிப்பு வந்ததில் லண்டன்காரர் விடால் சசூனுக்குப் பெரும் பங்குண்டு. 1960களில் அவர் கோணக் கணக்குப் பார்த்து, துல்லியக் கோடுகளில் வெட்டினார். அந்தப் பாணி உலகம் சுற்றி நம்மூர் அழகு நிலையம் வரை வந்துவிட்டது. பிறகு நியூயார்க்கில் லோரைன் மாஸ்ஸி போன்றவர்கள் சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில், சுருள் சுருளாகப் பார்த்து வெட்ட வேண்டும் என்று சொன்னபோது, அது புதுமையாகப் பேசப்பட்டது.

புதுமையா அது? நம்மூரில் முடி வெட்டிவிட்டு வந்தவனை, குளிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். இன்றைக்கும் என் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கொல்லைப்புறமாக அனுப்புவாள். தீட்டு என்பார்கள், முடி உதிரும் என்பார்கள், காரணம் எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கத்தரி, பிறகு தண்ணீர். ஆக, தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் வெட்டியது காய்ந்த தலையைத்தான். பக்கத்தில் ஒரு கிண்ணியில் தண்ணீர் இருக்கும். விரலை நனைத்து வேண்டிய இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்வார்கள். இந்த வரிசைக்குக் குற்றாலத்தைவிடப் பொருத்தமான ஊர் எது?

அந்த வாசலுக்கு வேறொரு கதையும் உண்டு. திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் முடி வெட்டுகிறவர்களைக் குடிமகன் என்பார்கள். வீடு வீடாகப் போய் வேலை, அறுப்புக்கு அறுப்பு நெல் கூலி. வெட்டுவது வீட்டுக்கு வெளியே, மரத்தடியிலோ தொழுவத்திலோ. கல்யாணம், சாவு இரண்டிலும் அவர்களுக்குக் கடமை உண்டு. பிள்ளைப்பேறு பார்த்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். வைத்தியமும் கைவசம் இருந்ததால்தான் மருத்துவர் என்ற பெயர். அவ்வளவு வேலையும் வாங்கிக்கொண்டு திண்ணை ஏறவிடாத ஊர்கள் இவை. வெட்டு பிடிக்கவில்லை என்றால் திட்டுவதற்கும் உரிமை எடுத்துக்கொண்டார்கள். தலித்துகளுக்கு முடி வெட்டக்கூடாது என்று இவர்களை மிரட்டி வைத்ததும் அதே ஊர்கள்தான். அந்தப் புகார் இன்றும் சில கிராமங்களிலிருந்து வருகிறது. டவுனில் சலூன் போட்டதன் பெரிய ஆறுதல் நாற்காலிதான் என்றார் தென்காசிக்காரர். "வாரவன் உக்காருவான், காசு குடுப்பான். நான் யார் வாசல்லயும் நிக்க வேண்டாம்."

குற்றாலத்தில் நிலைமை வேறு. பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை. வெட்டுகிற இளைஞன் உத்தரப்பிரதேசத்துக்காரன். தமிழில் 'அண்ணே, மீடியமா, சம்மரா?' வரை சுத்தமாகப் பேசினான். அவன் நாற்காலியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அருவியிலிருந்து நேராக வருகிறவர்கள். துண்டால் துவட்டிவிட்டு அப்படியே வெட்டுகிறான். சிலர் மசாஜ் முடித்து எண்ணெய்ப் பிசுக்கோடு வருவார்கள். அவர்களுக்குத் தலையை அலசியே ஆக வேண்டும். வேன் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது காயவைக்க யாருக்குப் பொறுமை? ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன்: ஈரத்தலையில் விரலளவு நீளம் கூடுதலாகவே விட்டு நிறுத்துகிறான். பிறகு டிரையரைப் போட்டு, எழும்பி நிற்பதை மட்டும் கத்தரி நுனியால் கொத்தி எடுக்கிறான். நான் கேட்டதற்கு, சொல்லத் தமிழ் போதாமல், தன் தலைமுடியை நனைத்து இழுத்துக் காட்டி, விட்டுச் சிரித்தான்.

இலஞ்சிப் பக்கம் பார்லர் வைத்திருக்கும் பெண்மணி இரண்டையும் பிரித்துவிட்டார். யூ கட், வி கட் என்றால் ஈரம். முதுகில் நேராகச் சீவினால்தான் கோடு சுத்தமாக விழும். சுருட்டை என்றால் முந்தின நாளே குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல், பின்னாமல் வரச் சொல்கிறார். பின்னி அவிழ்த்த முடியும் பொய் சொல்லுமாம். என்னிடம் கேட்டால், இவர் பிரித்த பிரிவு சரி. ஈரமா உலர்வா என்பதைவிட, வெட்டப்போகிறவர் அந்தத் தலையை ஒருமுறையாவது காய்ந்த நிலையில் பார்த்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அலசும் தொட்டிக்கு நேராகக் கூட்டிப்போகிற கடையில் அந்தப் பார்வைக்கு இடமே இல்லை.

சரி, கெட்டுப்போன வெட்டை என்ன செய்வது? இதற்கு மறுபடி தென்காசிக் கடைக்குத்தான் போனேன். பழுது பார்ப்பதில் அவர் கை தேர்ந்தது 2020இல். ஊரடங்கில் சலூன்கள் மூடிக் கிடந்தன. அப்பன்மார் டிரிம்மரை வைத்துப் பிள்ளைகள் தலையில் வித்தை காட்டினார்கள். மே மாதம் கடை திறக்க விட்டதும் வந்து விழுந்த தலைகளை நினைத்து இப்போதும் சிரிக்கிறார்.

அவர் வைத்தியம் எளிது. கோபத்தில் உடனே அடுத்த கடைக்குப் போய் மெஷின் போடச் சொல்லக்கூடாது. குளித்துக் காயவைத்து மூன்று நாள் விட வேண்டும். புதிதாக வெட்டிய முடி அதற்குள் படிந்துவிடும், பாதிப் பழுது அதில் தெரியாமல் போகும். மிச்சத்தில், ஒரு பக்கம் ஏறியிருந்தால் வகிட்டை மாற்றிப் பார்க்கலாம். பின்னால் படி விழுந்திருந்தால் காய்ந்த முடியில் பல் கத்தரியை மேல்வாக்கில் கொடுத்துக் கரைக்கலாம். சுழியில் எழும்பி நின்றால் வெட்டக் கூடாது, வளரவிட வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், அந்தக் கணக்கில் இரண்டு மாதம். என் அண்ணன் மகள் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"கீழ் முடி கூட்டமா நிக்கி, அதான் கூடாரம் மாதிரி தெரியுது. உள்பக்கம் கொஞ்சம் கொறைச்சா அடங்கும். நீளத்துல கை வைக்க விடாதிய. ஊருக்கு வந்தா கூட்டிட்டு வாங்க, தலைக்குத் தண்ணி விடாம."

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அடுத்த கடைக்காரன் வெட்டியதற்கு முழுக்காசு வாங்குவேன், நான் வெட்டியது கெட்டிருந்தால் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றார். நாற்காலியில் இருந்த ஒரு பையன் எழுந்து, பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னான். "வேண்டாம் தம்பி. நேரா அருவிக்குப் போயிக் குளிச்சிட்டு வா. காஞ்ச பெறவும் ஏத்தணும்னு தோணுச்சுன்னா நாளைக்கு வா, எடுத்துருவோம்" என்று துணியை உதறினார்.