குப்பையில் மின்சாரம்: ஒரு யோசனையின் பூர்வீகம்

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற பேச்சு நம் உள்ளாட்சி மன்றங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைதூக்குகிறது. கிடங்கும் காலியாகும், விளக்கும் எரியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமிக்கு இது ஒத்துவருமா என்று பார்க்கப் புகுந்தவன், இந்த யோசனை எந்தக் குப்பையை நம்பிப் பிறந்தது என்ற கேள்வியில் வந்து நின்றேன். தேடிப் போனால் வழி இங்கிலாந்துக்கு இட்டுச் சென்றது. 1874-ல் நாட்டிங்ஹாம் நகரில் ஆல்பிரட் ஃபிரையரின் எரியுலை எழுந்தபோது, நோய் பரப்பும் குப்பையை ஒழித்தால் போதும் என்பதே நோக்கம். 1897-ல் லண்டனின் ஷோர்டிச் பகுதி உள்ளாட்சி, அத்தகைய உலைச் சூட்டில் நீராவி எடுத்து மின்விளக்கு ஏற்றியது. நிலையத்தைத் திறந்துவைத்தவர் இயற்பியலாளர் லார்ட் கெல்வின். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் குப்பையின் குணம். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த காலம் அது. தொட்டியில் விழுந்ததில் பெரும்பங்கு சாம்பலும் அரைகுறையாக எரிந்த கரித்துண்டுகளும்தான். குப்பை என்ற பெயரில் அவர்கள் நிலக்கரியின் மிச்சத்தையே எரித்தார்கள்.

இந்த விவரம் தெரிந்த பிறகு தில்லியின் கதை எளிதில் விளங்கியது. 1987-ல் திமார்ப்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஒரு நிலையம் அமைத்தார்கள். நாளுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது கணக்கு. இருபத்தொரு நாள் சோதனை ஓட்டத்தோடு அது நின்றுபோனது. உலைக்குக் கிலோவுக்கு 1,400 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும் குப்பை வேண்டியிருந்தது. வந்து சேர்ந்ததோ 600, 700 என்ற அளவில்தான் இருந்தது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் குப்பையில் பாதி, காய்கறிக் கழிவும் சோறும் இலையும். எரியக்கூடிய தாளையும் அட்டையையும் பழைய பேப்பர் கடைக்காரரும் தெருவில் பொறுக்குகிறவரும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சை விறகு, தன் ஈரத்தை உலர்த்திக்கொள்ளவே தன் சூட்டைச் செலவழிக்கும்.

அருப்புக்கோட்டையின் அளவை வைத்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 87 ஆயிரத்துச் சொச்சம். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்று வைத்தால் 26 டன் வருகிறது. திமார்ப்பூரின் கணக்கே பலித்தது என்று கொண்டாலும் ஒரு மெகாவாட்டுக்கு 80 டன் வேண்டும். ஆக, நகரம் முழுவதும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு மெகாவாட். திருச்சுழிக்கு அடுத்த கமுதிப் பக்கத்தில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. மின்சாரத்துக்காக ஈரக் குப்பையை நாட வேண்டிய நிலையில் இந்த வட்டாரம் இல்லை.

மாவட்டத்துக் குப்பை மொத்தத்தையும் ஓரிடத்தில் சேர்த்தால் என்ன என்பார்கள். சிவகாசி, இராஜபாளையம், சாத்தூரிலிருந்தெல்லாம் லாரியில் கொண்டுவரும் செலவு ஒருபுறம். பட்டாசுத் தொழில் நடக்கும் மாவட்டத்தில் பிரிக்காத குப்பையை உலையில் கொட்டும் ஆபத்து மறுபுறம். சுவீடனில் நடக்கிறதே என்பது அடுத்த வாதம். நடக்கிறது; ஆனால் அந்த உலைகளுக்கு உள்ளூர்க் குப்பை போதாமல் அண்டை நாடுகளிலிருந்து தருவிக்கிறார்கள். உலை கட்டியவர்களுக்குக் குப்பை குறைவது நஷ்டம். நாள்தோறும் இவ்வளவு டன் தருகிறோம் என்று கையெழுத்திடும் நகராட்சி, குப்பையைக் குறைக்க எப்படி முனையும்? கொடுங்கையூரில் சென்னை மாநகராட்சி திட்டமிட்ட எரிஉலையை வடசென்னை மக்கள் எதிர்ப்பதற்குப் புகையும் சாம்பலும் போதுமான காரணங்கள். எனக்குக் குப்பையைக் குறைக்கவிடாத இந்த ஒப்பந்தக் கட்டாயமும் அதே அளவு பெரிதாகத் தெரிகிறது. நம் ஊரில் யார் தரம் பிரித்துத் தருகிறார்கள் என்ற சலிப்பையும் கேட்கிறோம். அந்தச் சலிப்பு எரிஉலைக்குச் சாதகமான வாதம் ஆகாது. பிரிக்காத குப்பைதான் திமார்ப்பூரை மூடியது.

பிரித்துவிட்டால் இங்கே வேறு வழி திறக்கிறது. மறுசுழற்சிக்கு உதவாத, ஆனால் கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ தரும் குப்பையைக் கிடங்கில் புதைக்கக் கூடாது என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் உள்ள தொழிற்சாலைகள் தம் எரிபொருளில் 5 சதவீதமாவது அதைக்கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்றும் விதித்தன. அருப்புக்கோட்டையில் அப்படி ஓர் எரிபொருள் ஆலை அமைந்தால், பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லை எரிக்கும் ராமசாமி ராஜா நகர் சிமென்ட் ஆலை அந்தத் தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது. 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தச் சூளை ஏற்கெனவே நிற்கிறது. சாம்பலும் சிமென்ட்டோடு கலந்துவிடும். சிமென்ட் ஆலையும் புகைதானே விடும் என்பது நியாயமான கேள்வி. பிவிசி கலக்காத, காய்ந்த கழிவை மட்டும் அனுப்புவதும், புகைபோக்கியின் அளவீடுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடுவதும் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும். மீதிப் பாதியான ஈரக்கழிவை மட்கவைத்து உரமாக்கினால், மழை தவறினால் வெடித்துக் கிடக்கும் நம் கரிசலுக்கு அது ஈரம் பிடித்துத் தரும். ஆகவே அருப்புக்கோட்டைக்குத் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் மெகாவாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். மல்லிகை குவியும் மாதத்திலும் ஐப்பசி மழையிலும் கோடையிலும் குப்பையைத் தனித்தனியே நிறுத்து, ஈரம் எத்தனை, வெப்பம் எத்தனை என்று அளந்து, அந்தக் கணக்கை நகர்மன்றத்தில் வைக்கட்டும். ஒப்பந்தப்புள்ளி கோருவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.