அப்பாரு கட்டிலும் அம்மாவின் பீரோவும்

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்த அன்று, சாமானெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. "இதுல எதைச் சேலத்துக்கு எடுத்துட்டுப் போற?" என்று அண்ணன் கேட்டார். அம்மா இனி என்னோடுதான் என்று அதற்கு முன்பே பேசி முடித்திருந்தோம். சேலம் அழகாபுரத்தில் எனக்கு இருப்பதோ ஒரு கூடமும் இரண்டு படுக்கையறையும் கொண்ட வீடு. வாசலில் அப்பாருவின், அதாவது என் தாத்தாவின், தேக்குக் கட்டில், அம்மாவுக்குச் சீராக வந்த பீரோ, பிரம்பு கிழிந்த நாற்காலி நாலு, ஒரு பெஞ்சு, ஊஞ்சல் பலகை. எதைப் பார்த்தாலும் விட மனசில்லை.

அந்த வீட்டுக்கு நிலவும் கதவும் செய்தவருடைய மகன், எங்கள் ஊர் ஆசாரி, எழுபதைத் தாண்டியவர். அவரைத்தான் கூப்பிட்டேன். வந்ததும் இரண்டு ஆளை விட்டுக் கட்டிலைக் கவிழ்த்துப் போடச் சொன்னார்.

"மேல பார்த்தா ஒண்ணும் தெரியாதுங்க அம்மிணி. அடியில பாக்கோணும்."

பிறந்ததிலிருந்து பார்த்த கட்டில். அதன் அடிப்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். மேலே கண்ணாடிபோல் இழைத்திருந்த சட்டத்தின் அடியில் வாய்ச்சி கொத்திய தழும்புகள் அப்படியே இருந்தன. எங்கும் ஓர் இரும்பாணி இல்லை. சட்டத்தின் முனையைக் காலின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மரமுளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கச் சட்டத்தின் விளிம்பில் மட்டும் விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை ஒன்று ஓடியது. அதில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். ஆசாரி ஓர் ஆணியை எடுத்து அந்த வெளுப்பில் அழுத்தினார், இறங்கிவிட்டது. பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில் அழுத்தினார், நுனிகூட ஏறவில்லை.

உள்கட்டையை வைரம் என்பார்கள், வெளிச்சுற்றை வெள்ளை என்பார்கள். வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு அதைத் தேடி வரும். தேக்கின் வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் கரையானும் வண்டும் சுலபத்தில் அண்டாது. வைரம் பாய்ந்த கட்டை என்று உடம்புரம் உள்ள கிழவர்களைச் சொல்கிறோமே, அது இதுதான். தோட்டத்தில் வேகமாக வளர்த்து இளசிலேயே வெட்டும் தேக்கில் வெள்ளை அதிகம். சாயம் போட்டு பாலிஷ் ஏற்றிவிட்டால் வைரமும் வெள்ளையும் ஒரே நிறமாகிவிடும். புதிதாகச் செய்யச் சொல்கிறவர்கள் பாலிஷுக்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும். பழையது வாங்குகிறவர்கள் ஓட்டையைக் கண்டு ஓட வேண்டியதில்லை. தட்டிப் பார்த்து, புது மாவு உதிர்கிறதா என்று தரையைப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் வண்டு உள்ளே இருக்கிறது.

வெள்ளையைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு பட்டை சேர்ப்பதற்கு உடனே சரி என்றேன். ஆனால் கட்டில் தாழ்வு. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. அதில் உட்கார்ந்தால் ஆள் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கால்களுக்கு அடியில் நாலு அங்குலம் கட்டை கூட்டலாம் என்று ஆசாரி சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாரு கல்யாணத்துக்குச் செய்தது, எண்பது வருசத்துப் பொருள், அதில் கை வைப்பதா?

அவர் ஒன்றும் பேசாமல் தலைமாட்டு இடதுகாலைத் துடைத்துக் காட்டினார். மற்ற மூன்றும் தேக்கு, அது வேம்பு.

"இது எங்கப்பன் மாத்துன காலுங்க. நான் சின்னப் பையன், கூட வந்திருந்தனுங்க. உங்க அப்பாரு இங்கதான் திண்ணையில உக்காந்து பாத்துட்டு இருந்தாரு."

பிறகு நான் என்ன சொல்ல? கட்டை கூட்டச் சொல்லிவிட்டேன்.

இப்போது பழைய சாமான் கடைகளில் எதற்கும் 'ஆண்டீக்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்றுச் சிறப்புள்ள பொருள் குறைந்தது 100 ஆண்டுப் பழமையாக இருந்தால்தான் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. எங்கள் கட்டிலுக்கு இன்னும் இருபது வருசம் போக வேண்டும். ஒரு சோதனையை மட்டும் நான் விடாமல் செய்கிறேன். நூறு வருசத்து அலமாரி என்று காட்டினால் கீலைப் பார்ப்பேன். ஸ்டார் ஸ்குரூ புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். பின்னால் யாரோ கீல் மாற்றியிருக்கலாம். அப்படியானால் பழைய திருகின் துளை பக்கத்தில் தெரிய வேண்டும். அதுவும் இல்லையென்றால் அலமாரி அண்மையில் பிறந்தது. ஈட்டி மரம் என்று மலிவாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். 1994-லேயே அந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். மலிவாக வருவது பெரும்பாலும் வேறு மரத்துக்குப் பூசிய சாயம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். பர்மா தேக்குத் தூண்களும் எனாமல் அடுக்குகளும் தெருவரைக்கும் நிற்கும். ஓர் அலமாரியை விலை பேசி முடிக்கும் நேரத்தில் கதவைத் திறந்தேன். உள்பக்கம் பென்சிலில் யாரோ பால் கணக்கு எழுதியிருந்தார்கள். கோடு கோடாக, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. அதை என் வீட்டில் வைத்து நான் என்ன செய்வது என்று தோன்றியது, திரும்பிவிட்டேன். வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் வாங்காவிட்டால் அந்த மரம் விறகாகப் போகும்.

பீரோவைப் பற்றி அம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அது வரும், அவ்வளவுதான். 1971-இல் சீராக வந்தது. சேலத்துப் பட்டறை ஒன்றில் செய்தது. பம்பாயில் கோத்ரெஜ் 1923-இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கிய பிறகு, ஊருக்கு ஊர் பட்டறைகள் அதே அச்சில் அடித்தன. 'பீரோ' பிரெஞ்சுச் சொல், அங்கே அது எழுதும் மேசை. நம் வீட்டில் சேலையும் நகையும் பத்திரமும் பூட்டி வைக்கும் இடமானது. பீரோ வாங்குகிறவர்கள் தகட்டின் கேஜ் கேட்க வேண்டும். எண் கூடினால் தகடு மெலிசு. 20 கேஜை விட 24 கேஜ் மெல்லியது. கதவின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் தெரிந்துவிடும். அம்மாவின் பீரோ அசையவில்லை.

வெளியே மட்டும் துரு சுரண்டி, பழைய பச்சையையே அடித்தோம். உள்பக்கம் பெயிண்டர் கையை வைக்கக் கூடாது என்று அம்மா முன்னால் நின்றுகொண்டார். கதவின் உள்ளே, கண்ணுயரத்தில், ஆயுத பூசைக்கு ஆயுத பூசை வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, காய்ந்த ரொட்டித் துண்டுபோல் தடித்து நிற்கிறது. அதில் முதல் பொட்டு என் பாட்டி வைத்தது.

புதியதே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புதியதில்தான் நான் ஏமாந்தேன். சேலம் வீட்டுக்கு வந்த புதிதில், பெரிய கடையில் பளபளவென்று ஓர் அலமாரி வாங்கினேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்த ஓர் ஐப்பசியில் அதன் அடிப்பலகை பொரிபோல் உப்பியது. கதவு கீலோடு கழன்று வந்தது. ஆசாரியிடம் கொண்டுபோனேன். "இதுல திருகு நிக்காதுங்க அம்மிணி, வெறும் தூளு" என்றார். மரச்சில்லைப் பசை போட்டு அழுத்திய பலகை அது. ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டால் மறுபடி இறுகாது. அடுத்து செய்தபோது பிளைவுட்டில் செய்தேன், ஈரம் படும் சமையலறைக்கு ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கினேன். அதையாவது கழற்றிப் பூட்டலாம்.

உப்பிப்போன அந்த அலமாரிதான் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. பழையதோ புதியதோ, கெட்டால் திருத்த என் ஊரில் ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேட்கிறேன். விலையை அப்புறம்தான் கேட்கிறேன். பூசை மாடத்துக்குத் தம்மம்பட்டியில் கதவு செய்யச் சொன்னதும் அதனால்தான். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே உள்ள அந்த ஊரின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. வாகைக் கட்டையில் ஒரு கஜலட்சுமி, சாயம் இல்லை. யானையின் தும்பிக்கை நுனி உடைந்தால் பஸ் ஏறிப் போய் அதே கையிடம் கொடுக்கலாம்.

நாலு நாற்காலியும் இன்னும் ஆசாரி பட்டறையில் இருக்கின்றன. பிரம்பை ஊறவைத்து ஈரத்தோடு பின்ன வேண்டும், காய்ந்தால்தான் இறுகும். பின்னுகிற ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறோம்.

கட்டில் வந்து இறங்கிய அன்று அம்மா அதில் உட்கார்ந்தார். கையால் சட்டத்தைத் தடவினார். பிறகு முட்டியில் கை ஊன்றி, என்னைக் கூப்பிடாமல் எழுந்து நின்றார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், "அந்தச் சேரெல்லாம் எப்ப சாமி வரும்?" என்று கேட்டார்.