வடகிழக்குக் காற்று

அக்டோபர். வட கரோலினா, நாக்ஸ் ஹெட். ஜென்னட்ஸ் கடற்பாலம். ஆயிரம் அடி, கான்கிரீட்.

காற்று தெற்கிலிருந்து அடித்தவரை ஒன்றுமில்லை. இரையை நண்டு தின்றது.

இரவில் திசை மாறிவிட்டது. காலையில் வடகிழக்கு. தண்ணீர் கலங்கல். கைப்பிடி ஓரம் ஆள் நிற்க இடமில்லை. யார் யாருக்குச் சொல்லி வந்தார்கள்?

ஐப்பசியில் நம் கரைக்கும் இதே மூலையிலிருந்துதான் காற்று. அங்கே மழையோடு வரும். இங்கே மடவையோடு. உப்பங்கழியை விட்டு வெளியே வந்த மடவைக் கூட்டம் கரையை ஒட்டித் தெற்கே போகிறது. பெரிய மீன் பின்னாலேயே.

புதிதாக வருகிறவர் முடிந்த மட்டும் தூரமாக வீசுகிறார். பழகியவர் பாதிப் பாலத்திலேயே நின்று காலடியில் இறக்குகிறார். கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அலை உடைந்த பிறகு கொஞ்சம் கறுத்துத் தெரியும் தண்ணீர். மீன் அங்கேதான்.

ஸ்பாட். ஒரு சாண் நீளம். செவுளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு. முட்டையிட ஆழத்துக்குப் போகும் இந்தப் பருவத்தில் வயிறு மஞ்சளாகிறது.

இரண்டு முள் கட்டி இறக்கினால் இரண்டிலும் மீன். கொஞ்ச நேரம் எல்லார் கையிலும் மீன். பிறகு ஒருவர் கையிலும் இல்லை. யாரும் எழுந்து போகவுமில்லை.

ஸ்பாட்டுக்கு ரத்தப்புழு. இங்கே தோண்டியதல்ல. மேய்ன் மாநிலத்துச் சேற்றில், கடல் வற்றும் நேரம் பார்த்து, குனிந்து கிளறி எடுத்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து இந்தக் கடைக்கு வந்திருக்கிறது.

அதற்கு நான்கு கோரைப்பல். பல்லில் செம்பு இருக்கிறது. செம்பேதான்.

கடித்தால் தேனீ கொட்டின வலி.

விலை அதிகம். நகத்தளவு வெட்டித்தான் முள்ளில் கோக்கிறார்கள். பக்கத்துக் கிழவர் வெட்டிய கத்தியையும் முள்ளில் துடைத்துக்கொண்டார்.

இங்கே மீன் பிடிக்கத் தனி உரிமம் வேண்டாம். பாலமே எல்லாருக்கும் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறது. சீட்டு வாங்கினால் போதும். படகு இல்லாதவர்களின் கடல் இது. இப்படி ஒரு இடம் இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பாலம் முதலில் 1939இல் மரத்தில் கட்டியது. 2003இல் மாநில மீன் காட்சியகத்தின் சங்கம் வாங்கியது. அதே வருடம் செப்டம்பர் 18, இசபெல் புயல் அதை உடைத்தது. புதுப் பாலம் திறந்தது 2011 மே. மேலே மூன்று காற்றாலை. இன்றைக்கு நன்றாகச் சுற்றுகிறது.

தெற்கே ரோடாந்தேயில் கரையோர வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுகின்றன. தூண் மேல் நிற்கும் வீடுகள். கீழே மணல் போய்விட்டது.

இன்னும் தெற்கே ஹட்டரஸ். 1999இல் கலங்கரை விளக்கத்தையே 2,900 அடி நகர்த்தி வைத்தார்கள். செங்கல் கட்டடம். உடைக்காமல், நிற்க வைத்தபடியே.

பாலத்து நுனி ரெட் ட்ரம் மீனுக்குக் காத்திருப்பவர்களுக்கு. பன்னிரண்டு அடிக் கோல். எட்டு அவுன்ஸ் ஈயம், அதனோடு மடவைத் தலை. அவர்கள் வீசும்போது பின்னால் நிற்கக் கூடாது.

பகலில் தூங்குகிறார்கள். இருட்டிய பிறகு யாரும் பேசுவதில்லை. ரீல் சத்தத்துக்குக் காது.

ஒருவருக்கு மாட்டியது. மற்றவர்கள் கேட்காமலே தங்கள் தூண்டில் நரம்பைச் சுற்றி மேலே எடுத்துவிட்டார்கள். அவர் மீனோடு பாலத்தின் இந்தப் பக்கம் வருகிறார், அந்தப் பக்கம் போகிறார். எல்லாரும் குனிந்து வழி விடுகிறார்கள்.

நரம்போடு தூக்க முடியாது, அறுந்துவிடும். இரும்பு வளையத்தில் கட்டிய வலை. கயிற்றில் இறக்கி, மீனுக்கு அடியில் கொண்டுபோய், தூக்க வேண்டும். இரண்டு பேர் வேலை. கயிறு பிடித்தவரும் மீன் பிடித்தவரும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

செம்பு நிறம். வாலடியில் கறுப்புப் பொட்டு. சிலதுக்கு இரண்டு, சிலதுக்கு நிறைய.

அளந்தார்கள். 18 அங்குலத்திலிருந்து 27 வரை ஒன்று வைத்துக்கொள்ளலாம், நாளுக்கு. அதற்கு மேல் போனால் கடலுக்கு. இது நாற்பதைத் தாண்டியது. அதே வலையில் வைத்து இறக்கினார்கள். எறியவில்லை.

அறுபது வருடம் வரை வாழும். தலைக்குள் இருக்கும் கல்லை அறுத்து வளையங்களை எண்ணி வயது சொல்கிறார்கள்.

இந்த மீனில் உலகச் சாதனை இதே தீவுத் தொடரில்தான். ஏவன், 1984 நவம்பர் 7. 94 பவுண்டு 2 அவுன்ஸ். ஏறக்குறைய 43 கிலோ. கரை மணலில் நின்று பிடித்தது.

அதே 1980கள். நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருதோம் இந்த மீனை மசாலா தடவி இரும்புச் சட்டியில் கருக்கிப் பரிமாறினார். நாடு முழுக்க அதையே கேட்டார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் முதிர்ந்த மீன் கூட்டங்களைச் சுருக்குவலை வாரியது. பிறகு தடை வந்தது.

ஒரே ஒரு சமையல் முறை.

மகளோடு இதே மாநிலத்துக் கேரியிலிருந்து வந்திருந்த தூத்துக்குடி அம்மா. என் வாளியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது கத்தாழைல்லா?"

"அதே குடும்பந்தாம்மா."

"தலைல கல்லு இருக்குமே."

"இருக்கும்மா."

"நெட்டி?"

"அதுவும் இருக்கு. இங்க யாரும் எடுக்கிறதில்ல."

"கீழயா போடுதாங்க?"

மீன் வெட்டும் மேசைக்குக் கீழே கூழைக்கடாக்கள் காத்திருந்தன. அதைக் காட்டினேன். அவருக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரில் கூறல் கத்தாழை ஒன்று வலையில் விழுந்தால் அதன் நெட்டிக்காகவே, அந்தக் காற்றுப்பைக்காகவே, ஏலம் ஏறும்.

ஸ்பாட், குரோக்கர், ரெட் ட்ரம், புள்ளி ட்ரவுட். எல்லாம் ஒரே குடும்பம். காற்றுப்பையை ஒட்டிய தசையை அதிரவைத்துச் சத்தம் போடும். வாளிக்குள் குரோக்கர் கத்திக்கொண்டே இருந்தது. அம்மா குனிந்து கேட்டார். வெகு நேரம்.

ஷீப்ஸ்ஹெட். வாயைத் திறந்தால் மனிதப் பல். முன்பல் எல்லாம் வரிசையாக. தூணில் ஒட்டிய கொட்டலசைக் கடித்து நொறுக்கித் தின்கிறது. தூணைத் தொட்டபடி இரை இறங்காவிட்டால் திரும்பியும் பார்க்காது. கடிப்பது கைக்குத் தெரிவதற்குள் முள் வெறும் முள்.

தூணில் கொட்டலசு ஏறுவதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும், 2011இல்?

நவம்பர் ஆனால் ட்ரவுட். தண்ணீர் தெளிந்து, குளிர்ந்து, காற்று அடங்கியிருக்க வேண்டும். ரெட் ட்ரம்காரர்கள் விரும்பும் நாள் இவர்களுக்கு ஆகாது. திடீர்க் குளிரில் கழிகளின் மேல்மடையில் ட்ரவுட் விறைத்து மிதக்கும்.

புளூஃபிஷ் வந்தால் முதலில் பறவைதான் சொல்லும். தண்ணீர் கொதிக்கிற மாதிரி சின்ன மீன் துள்ளுகிறது. புளூஃபிஷ் துரத்தி வந்து அவற்றைக் கரை மணலிலேயே ஏற்றிவிடுகிறது.

முள்ளை எடுக்கக் குறடு. விரல் வேண்டாம். வெளியே எடுத்த பிறகும் கடிக்கும்.

உடனே செவுளை அறுத்து ரத்தம் வடிய விட்டு, பனிக்கட்டியில் புதைக்க வேண்டும். எண்ணெய்ச் சத்துள்ள மீன், தாமதித்தால் நாறும். நடுவில் ஓடும் கறுப்புச் சதையைச் செதுக்கி எடுத்துவிட்டு, அன்றைக்கே பொரித்துவிடுவது நல்லது.