காந்தி ரோட்டில் நெசவாளர்களின் சொந்தக் கடை

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "பட்டுச் சேலை எங்கே வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து பேர் பத்துக் கடையைக் காட்டுவார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் நடந்தால் அந்தக் கடைகளுக்கு நடுவே காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கண்ணில் படும். "ஓ, கவர்ன்மென்ட் கடையா!" என்று நம்மில் பலர் தாண்டிப் போய்விடுகிறோம். அது கவர்ன்மென்ட் கடை இல்லை. அதன் சொந்தக்காரர்கள், உள்ளே அடுக்கி வைத்திருக்கும் சேலைகளை நெய்தவர்கள்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது? காஞ்சிக்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. இரண்டுமே விலை அதிகம். நெசவாளரிடம் இருப்பது தறியும் கையும்தான். நூலும் ஜரிகையும் முதலாளி தருவார், கூலியையும் அவரே தீர்மானிப்பார். கல்யாணம், வைத்தியம் என்று வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு இடத்துக்கு நெய்யவும் முடியாது. தன் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை கட்டிவிட முடியாத நெசவாளர் பாத்திரத்தில்தான், பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் தேசிய விருது வாங்கினார்.

கூட்டுறவு என்பது இந்த ஊருக்குப் புதுசு அல்ல. ஐரோப்பாவின் கிராம வங்கிகளைப் பார்த்துவர ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைச் சென்னை மாகாண அரசு அனுப்பியது. கடனில் மூழ்கிய ஜெர்மன் விவசாயிகளை ஒன்று சேர்த்த ரைஃபைசனின் வழியை அவர் சிபாரிசு செய்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது பம்பாயிலோ கல்கத்தாவிலோ இல்லை, நம் காஞ்சிபுரத்தில்! கோயில் நகரம், பட்டு நகரம் என்று பெருமை பேசும் பலகைகளில் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

உலகின் மறுகோடியிலும் இதே கதைதான். எடையும் விலையும் தானியக் கிடங்கு முதலாளிகள் கையில் இருப்பதைப் பொறுக்காத கனடா கோதுமை விவசாயிகள், 1906-ல் தாங்களே பங்கு போட்டு ஒரு தானியக் கம்பெனி தொடங்கினார்கள். அங்கே கோதுமை, இங்கே பட்டு.

சங்கத்தில் பங்குத்தொகை கட்டினால் உறுப்பினர். ஒருவருக்கு ஒரு ஓட்டு, பங்கு எத்தனை இருந்தாலும். சங்கம் சாயம் ஏற்றிய நூலையும் ஜரிகையையும் கொடுக்கும். வீட்டுத் தறியில் நெய்து சேலையை ஒப்படைத்துக் கூலி வாங்கிக்கொள்ளலாம். கூலியில் ஒரு பகுதி சேமிப்பு நிதிக்குப் போகும், அரசும் அதில் தன் பங்கைச் சேர்க்கும். லாபம் வந்தால் போனஸ்.

அந்தக் கூலி எப்படிப்பட்ட வேலைக்கு என்று தெரிய வேண்டுமானால், கைலாசநாதர் கோயிலுக்குப் போகும்போது பிள்ளையார்பாளையம் தெருக்களிலும் கொஞ்சம் நடங்கள். பொதுவாக ஒரு பாவில் மூன்று சேலை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும், நெசவாளர் பக்கத்தில் இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக. முந்திக்கு நிறம் மாறும்போது பழைய பாவு இழைகளோடு புது இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைப்பதற்குப் 'பிட்னி' என்று பெயர். சேலையைத் திருப்பிப் பிடித்தால் அந்த இணைப்பு கோடாகத் தெரியும்.

சங்கம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சேலை தேங்கினால் அடுத்த பாவு வரத் தாமதமாகும். வயிறு காத்திருக்காது, உறுப்பினரே தனியார் முதலாளிக்கு நெய்யப் போய்விடுவார். தேர்தல் நடக்காத காலங்களில் சங்கம் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்குப் போகிறது. "கவர்ன்மென்ட் கடை" என்று ஊர் சொல்வதில் அந்த மட்டுக்கு நியாயம் உண்டு! கரை வைத்த சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறிச் சேலைகள் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கின்றன. நெசவாளர் பிள்ளைகளுக்கோ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் மாதச் சம்பளம் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் போவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால்தான் முதுகுவலி புரியும்.

அடுத்த முறை கல்யாணச் சேலை எடுக்கப் போகும்போது சங்க ஷோரூமுக்குள்ளும் ஏறி இறங்குங்கள். தள்ளுபடி எப்போது என்று கேளுங்கள், ஜரிகை அசலா, சேலை கோர்வையா என்றும் கேளுங்கள். சேலையின் உட்பக்கத்தைத் திருப்பிப் பிட்னியைக் காட்டச் சொல்லுங்கள். தறி பார்க்க ஆசைப்பட்டால் பிள்ளையார்பாளையத்தில் வாசலில் நின்று அனுமதி கேட்டுப் போகலாம். பிட்னி போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள், இழை தப்பிவிடும்.