பெரியப்பா கையிலிருந்த தழும்புகள்

பெரியப்பா 2021 மே மாதம், இரண்டாம் அலையில், செங்கல்பட்டில் இறந்துபோனார். மாமல்லபுரத்தை ஒட்டிய தேவனேரியில் நாற்பது வருஷம் கடலுக்குப் போன ஆள். கை முழுக்கத் தழும்பு. வலைக்கயிறு அறுத்தது, கெளுத்தி முள் கிழித்தது. எந்தக் காயமும் அவரை ஒரு நாளுக்கு மேல் கரையில் உட்கார வைத்ததில்லை.

"நீ படிச்சவன்தானே? வெளியிலிருந்து வந்த கிருமி எப்பிடிடா உள்ள அவ்ளோ வேல செஞ்சிச்சு?" என்று பெரியம்மா கேட்டார். உயிர்வேதியியல் பட்டம் வாங்கியிருந்தும் சட்டென்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்கு முந்தைய மாதம்தான் 'நேச்சர்' இதழில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மௌரோ ஜக்கா குழு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தது. கொரோனாவில் இறந்தவர்களின் நுரையீரலில் பல செல்கள் ஒன்றாக உருகிச் சேர்ந்து, பல உட்கருக்களோடு கிடந்தன. வைரஸ் புகுந்த செல் தன் மேற்பரப்பில் ஸ்பைக் புரதத்தை நீட்டுகிறது, பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டலை இணைப்பாக மாற்ற உதவுவது நம்முடைய புரதம்தான்: டிஎம்இஎம்16எஃப்.

அது செல் சவ்வில் இருக்கும் ஓர் அயனி வாய்க்கால். செல்லுக்குள் கால்சியம் கூடினால் திறக்கும். அயனிகளை விடுவதோடு, சவ்வின் உள்பக்கம் இருக்கும் ஒருவகைக் கொழுப்பை வெளிப்பக்கம் புரட்டியும் போடும். ரத்தத் தட்டணுக்களில் இந்தப் புரட்டல் நடந்தால்தான் ரத்தம் சரியாக உறையும். பிறவியிலேயே இது வேலை செய்யாதவர்களுக்கு ஸ்காட் நோய்க்குறி என்று பெயர். அவர்களுக்கு ரத்தப்போக்கு லேசில் நிற்காது.

அந்தக் குழு 3000க்கும் மேற்பட்ட மருந்துகளைச் சோதித்ததில் இந்த வாய்க்காலை அடக்கியவற்றில் ஒன்று நிக்ளோசமைடு. நாடாப்புழுவுக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை! 2021 ஜூனில் நம் சிஎஸ்ஐஆரும் அதை நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கியது. ஆனால் அது கொரோனாவுக்கான வழக்கமான மருந்தாகவில்லை. ஆய்வகத் தட்டு வேறு, மனித உடம்பு வேறு.

துரோகி என்று அந்தப் புரதத்தைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வைரஸ் கொண்டுவந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை நம் வீட்டுச் சாமானை எடுத்தே செய்துகொண்டது.

இதைப் பெரியம்மாவிடம் என் பாஷையில் சொல்லிப் பார்த்தேன்.

"அப்போ அது இல்லன்னா இவரு கடலுக்கே போயிருக்க மாட்டாரு, இல்ல?"

"போயிருப்பாரு பெரியம்மா. ஒவ்வொரு காயத்துக்கும் நீங்கதான் பயந்திருப்பீங்க."